“உள்ள காத்து இருந்துச்சுக்கா, எடுத்துட்டேன்”

ஃபிரேம் கடைக்காரர் எடுத்துவிட்டாராம். 3 அங்குலக் காற்றைப் பிடுங்கி வெளியே விட்டுவிட்டு அதற்குக் கூலியும் கேட்டார். கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஷேடோ பாக்ஸ், அதாவது வெட்டிய தாள்களை இடைவெளி விட்டு அடுக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற காட்சி, அதைச் செய்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம், இந்நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். மற்றவர்கள் அப்படியே கூட வாருங்கள், போகப் போகப் புரியும். நான் இருக்கிற நிலைமையில் அரிச்சுவடியிலிருந்து பாடம் எடுக்க முடியாது.

பெட்டிக்குள் இருக்க வேண்டியது மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற காட்சி. கடைசி அடுக்கில் விடியற்கால வானம். அதற்கு முன்னால் வைகை மேல் நிற்கிற ஏ.வி. பாலம். 1889இலிருந்து நிற்கிற பாலமாச்சே, வளைவு கோணலாக இருந்தால் ஊரே கேட்கும் என்று ஒவ்வொரு வளைவையும் பிளேடால் தனியாக வெட்டினேன். பாலத்துக்கு முன்னால் கூட்டத்தில் பாதி. அப்புறம் தோல் பையோடு தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள். அவர்கள் உடுப்புக்கு நிஜ வெல்வெட். புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன தையல் கடைகளில், திருவிழாவுக்கு உடை தைத்து மிஞ்சிய துண்டுகளைக் கெஞ்சி வாங்கி வந்தது. நடுவில் தங்கக் குதிரையில் அழகர். பச்சைப் பட்டு. இந்த வருஷம் அழகரின் பட்டுப் பெட்டியிலிருந்து என்ன கலர் வருமோ என்று ஊர் காத்துக்கொண்டிருக்கும், என் அழகருக்கு எந்த வருஷமும் பச்சைதான், செழிக்கட்டுமே. அவருக்கும் முன்னால், கண்ணாடியை ஒட்டி, கூட்டத்தின் மீதிப் பாதி: முதுகு காட்டி நிற்கிற தலைகள், அப்பா தோளில் ஏறிய பிள்ளைகள், தூக்கிப் பிடித்த சர்க்கரைச் செம்பின் மேல் தீபங்கள்.

இத்தனையும் வெறும் தாள். அடுக்குக்கு அடுக்கு அரை அங்குலம் தள்ளி நிற்க, நடுவில் ஃபோம் போர்டு துண்டுகளை ஒட்ட வேண்டும். சீக்கிரம் ஒட்டுகிற சூப்பர் க்ளூவைத் தொடவே கூடாது, அதன் ஆவி கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்துவிடும். அதனால் வெள்ளைப் பசை. ஒரு அடுக்கு ஒட்டிவிட்டு அது காய ஒரு ராத்திரி காத்திருப்பது, அப்புறம் அடுத்த அடுக்கு. மேலே, கண்ணாடிக்குச் சற்றுப் பின்னால், ஒரு எல்இடி பட்டை. ஸ்விட்ச்சைப் போட்டால் முன் அடுக்கின் நிழல் பின் அடுக்கில் விழும். பிள்ளைகளின் நிழல் குதிரைக் காலில், குதிரையின் நிழல் பாலத்தின் மேல். அந்த அரை அரை அங்குலக் காலி இடத்தில்தான் ஆற்று மணலும் நெரிசலும் இருக்கின்றன. அந்த இடம் போனால் எல்லாம் போச்சு.

இந்த அடுக்குத் தட்டுக்கு வெளிப்பெட்டி போட வேண்டும். இனி ஃபிரேம் கடை.

“யாருக்கா தவறிட்டாங்க?”

இதுதான் முதல் கேள்வி. யாரும் தவறவில்லை என்றேன். “பரவால்லக்கா, சொல்லுங்க” என்றார், துக்கத்தை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு. தவறியவர்கள், சாமி, கல்யாண ஜோடி. இந்த மூன்றைத் தவிர நான்காவதாக ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள் என்று அந்தக் கடைக்கு இன்னும் தகவல் போகவில்லை.

“இந்தத் தட்டு அப்படியே உள்ள உக்காரணும். மூணு இஞ்ச் ஆழம் வேணும்ப்பா.”

“ஆழம்னா நீளமாக்கா?”

“நீளம் இல்ல. முன்னாடி பின்னாடி.”

“அகலமா?”

“அகலம் இங்கிட்டு. நான் சொல்றது உள்ளுக்குள்ள.”

“கனமா?”

“சரி, கனம்னே வச்சுக்க.”

“அவ்வளவு கனத்துல சட்டம் வராதுக்கா.”

“சட்டம் இல்ல, பெட்டி. நாலு பக்கமும் பலகை, முன்னாடி கண்ணாடி.”

“பெட்டின்னா ஆசாரிகிட்டதான போகணும்?”

ஆசாரியிடம் போனேன் ஐயா. அவர், “கண்ணாடி சமாச்சாரம்மா இது, ஃபிரேம் கடைக்குப் போங்க” என்றார். அங்கிருந்துதான் இங்கே வந்திருக்கிறேன். இந்த ஊரில் மரமும் கண்ணாடியும் ஒரே கூரையின் கீழ் சந்திக்கக் கூடாது என்று ஏதாவது சாபம் இருக்கிறதா?

அந்த நேரம் பார்த்து, தாத்தா படத்தோடு காத்திருந்த ஒரு பெரியவர் வாயைத் திறந்தார். “உள்ள அவ்வளவு இடம் விட்டா பல்லி முட்டை போடும்மா.” அவ்வளவுதான். கடைக்காரர், அவருடைய தம்பி, டீ கொண்டுவந்த பையன் எல்லோரும் பல்லிக்குத் தாவிவிட்டார்கள். ஒருவர் வீட்டு மீனாட்சி கல்யாணப் படத்துக்குப் பின்னால் இருந்த பல்லி, இன்னொருவர் வீட்டு டியூப்லைட்டுக்குப் பின்னால் இருந்த பல்லி. என் பெட்டி நாலு பக்கமும் மூடியது, பல்லி நுழைய வழியே கிடையாது என்று நான் சொன்னதைப் பல்லிகூட மதித்திருக்கும்.

பேசிப் பயனில்லை என்று பில் புத்தகத்தின் பின்பக்கம் படம் வரைந்தேன். பக்கவாட்டுத் தோற்றம். இது கண்ணாடி, இது முதல் அடுக்கு, இது இடைவெளி, இது இரண்டாவது. கடைசியில் ஒரு அம்புக்குறி, பக்கத்தில் பெரிதாக 3. அவர் அதை நேராகப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். “புரிஞ்சுருச்சுக்கா, வெள்ளிக்கிழமை வாங்க.”

வெள்ளிக்கிழமை போனேன். செய்தித்தாள் சுற்றிய பொட்டலத்தை நீட்டினார். ஒரு விரல் தடிமன்கூட இல்லை. வேறு யாருடையதோ என்று ஓரமாக வைத்துவிட்டு, “என்னோடது எங்கப்பா?” என்றேன். “அதான்க்கா.” “இது இல்லப்பா, என்னோடது.” “அதான்க்கா இது.” பிரித்தேன்.

தங்கக் கலரில் பூப்போட்ட சட்டம். கண்ணாடி. கண்ணாடியை ஒட்டி ஏழுமலையான் படத்துக்குப் போடுகிற அதே வழவழப்பில், என் மொத்தச் சித்திரைத் திருவிழாவும். ஃபோம் போர்டு துண்டுகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்து, அடுக்குகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, அழுத்தி, பின்னால் ஹார்ட்போர்டு வைத்து ஆணி அடித்து, பிரௌன் டேப்பும் ஒட்டியிருந்தார். குதிரை அப்பளமாகியிருந்தது. அழகர் முகத்தின் மேல் ஒரு பிள்ளையின் குதிகால். தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் பாலத்தின் வளைவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். வானத்தைக் காணோம்.

அப்போது சொன்னதுதான் முதல் வரியில் இருப்பது. கூடவே விளக்கம்: “எல்லாம் சரியா ஒட்டாம எந்திரிச்சு எந்திரிச்சு நின்னுச்சுக்கா. யாரோ உங்கள நல்லா ஏமாத்தியிருக்காங்க.”

“நான்தான்ப்பா செஞ்சேன்.”

“அதான பாத்தேன்.”

இந்த “அதான பாத்தேன்” இருக்கிறதே, ராத்திரி கண்ணை மூடினால் காதில் கேட்கிறது.

மூணு இஞ்ச் கேட்டேனே, அது எங்கே என்றேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. “விட்டுருக்கேன்ல!” என்று டேப்பை எடுத்து வைத்து அளந்தே காட்டினார். படத்தைச் சுற்றி நாலு பக்கமும் சிவப்பு வெல்வெட் பேப்பரில் பார்டர். சரியாக 3 அங்குலம். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சட்டத்தின் உச்சியில் ஜீரோ வாட்ஸ் பல்புக்கு ஒரு ஹோல்டர். இரண்டு பக்கமும் மாலை மாட்டக் கொக்கி. அது மட்டும் இலவசம், “வீட்ல துக்கம்னு தெரியும்க்கா” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். எல்இடி பட்டையையும் பெயர்த்த துண்டுகளையும் தனியாக ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். நேர்மையான மனுஷன். ஒரு துண்டு குறையவில்லை. திட்டுவதற்குக்கூட வழி வைக்கவில்லை பாருங்கள்.

எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. காலியாக ஒரு இடம் இருந்தால் நமக்கு என்ன செய்கிறது? ஏன் உடம்பு அரிக்கிறது? மாசி வீதியில் ஒரு பைக் அகலத்துக்கு இடம் தெரிந்தால் மூன்று பைக் நிற்கும், நடுவில் ஒரு பூக்கூடையும் உட்காரும். போன வருஷம் செய்த தெப்பக்குளம் பெட்டியை என் நாத்தனார் வீட்டில் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவிலிருந்த சந்தில் கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, ஒரு சீப்பு. மைய மண்டபமே தெரியவில்லை. கேட்டால், “சும்மாதான அண்ணி இருந்துச்சு அந்த இடம்.”

விளையாட்டுப் பலகைகளுக்கு நேர்ந்த கதி இதைவிட மோசம். பல்லாங்குழி செய்தேன், வரிசைக்கு ஏழாக 14 குழி, ஒவ்வொரு குழியையும் உப்புத்தாள் போட்டு விரல் வழுக்குகிற வரை தேய்த்தேன். வாங்கிக்கொண்டு போன அம்மாள் ஒரு வாரம் கழித்து போன் பண்ணி, “நல்லாருக்கும்மா, கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாம் போட்டாச்சு. இதுக்கு மூடி கெடைக்குமா?” என்றார். 14 குழிக்கும் சேர்த்து ஒரே மூடியாக வேண்டுமாம். அஞ்சறைப் பெட்டியை விற்கிற கடை இந்த ஊரில் இல்லாமல் போய்விட்டதா?

ஆடு புலி ஆட்டப் பலகையும் செய்கிறேன். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலிகளைத் தேக்கில், ஆடுகளைப் புளியங்கொட்டையில். இதை வாங்கிய ஒருவர், பெரிய படிப்பு படித்தவர், கேட்டாரே ஒரு கேள்வி: “காயெல்லாம் பலகையிலேயே ஒட்டிக் குடுத்துருங்களேன், தொலைஞ்சுரும்.” ஆட்டை ஒட்டிவிட வேண்டும். புலியையும் ஒட்டிவிட வேண்டும். அப்புறம் அவை ஒன்றையொன்று முறைத்துப் பார்த்துக்கொண்டே ஹாலில் தொங்க வேண்டும். யார் ஜெயித்தது என்று கேட்டால் ஆணி ஜெயித்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

பக்கத்துக் கீழடியில் தந்தத்தில் செய்த பகடை கிடைத்தது. சுடுமண் வட்டச் சில்லுகள் ஏராளமாகக் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு மனுஷன் வைகைக் கரையில் உட்கார்ந்து தந்தத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பகடை செய்திருக்கிறான். அவனிடமும் எவராவது வந்து, “இது உருண்டுக்கிட்டே இருக்கு, ஒரு பக்கமா ஒட்டிக் குடுங்க” என்று கேட்டிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் அந்தக் கோபத்தில்தான் பகடையைத் தூக்கிக் குழிக்குள் எறிந்திருப்பான்.

சரி, தட்டையான திருவிழாவை என்ன செய்தேன் என்கிறீர்களா? பிரித்து மறுபடி அடுக்கலாம் என்றுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேஜையில் வைத்துவிட்டு முகம் கழுவி வருவதற்குள் அத்தை எடுத்துவிட்டார். “இப்பத்தான்டி பாக்கப் படமா இருக்கு. முன்னாடி வச்சிருந்தியே, என்னமோ எல்லாரும் தனித்தனியா நின்னுக்கிட்டு” என்றார். பூஜை அறையில் ஆணி அடித்தாயிற்று. கொக்கியில் மல்லிகைச் சரம். ஹோல்டரில் சிவப்பு ஜீரோ வாட்ஸ். குதிகால் பதிந்த அழகருக்குச் சூடம் காட்டிவிட்டார். சூடம் காட்டிய பிறகு எந்தப் பிளேடால் அதைப் பிரிப்பது? வருகிறவர்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எங்கே வாங்கினீர்கள் என்று மேலவீட்டு அக்கா கேட்டார். அத்தை ஃபிரேம் கடை விலாசத்தைக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சமையலறைக்குள் போய்ச் சிரித்தேன், கொஞ்சம் அழுதேனோ என்னவோ.

சமையலறை என்றதும் இன்னொன்று. இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் சொல்லாவிட்டால் தூங்க மாட்டேன். பரோட்டா பார்சல் கட்டுகிறவர்கள் சால்னா பொட்டலத்தின் கழுத்தில் ரப்பர் பேண்டை எதற்காக அப்படிச் சுற்றுகிறார்கள்? நுனியே தெரியாத அளவுக்கு, மூச்சு முட்டுகிற அளவுக்கு. நகத்தால் பிரிக்க முடியாது. கத்தரியால் வெட்டினால் சுவரில் அடிக்கும். பல்லால் கடித்தால் சேலையில். பசியோடு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு, பொட்டலத்தைத் திருகித் திருகி, அதற்குள் பரோட்டா ஆறிப் போய், நேற்று ராத்திரி எங்கள் வீட்டில் நாலு பேரும் நாலு பொட்டலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு சுற்றுச் சுற்றினால் ஆகாதா? எங்கே ஓடிவிடப் போகிறது அந்தச் சால்னா?