தடுத்துக்கொள்ளுங்கள், எட்டிப் பார்க்காதீர்கள்

ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஃபேஸ்புக்கைத் தடுத்துவிட்டார்கள், இது உரிமைப் பறிப்பு என்று யாராவது கொடி பிடித்தால் நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. கம்ப்யூட்டர் கம்பெனியுடையது, இணைப்பும் கம்பெனியுடையது. அங்கிருந்து ஒருவன் திருட்டுப் படம் இறக்கினால் சைபர் கிரைம் போலீஸ் ஐ.பி. முகவரியைப் பிடித்துக்கொண்டு கம்பெனி வாசலுக்குத்தான் வரும். வெளிநாட்டு வங்கிக்கு வேலை செய்யும் ஓ.டி.சி.க்குள் (ஒரு வாடிக்கையாளருக்கென்றே ஒதுக்கிய தனிப் பகுதி) போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும், பென் டிரைவ் வேலை செய்யாது. சோழிங்கநல்லூர், சிறுசேரி பக்கம் வேலை பார்க்கும் யாருக்கும் இது புதிதில்லை. யாரும் இதை அவமானமாக எடுத்துக்கொள்வதும் இல்லை. சேரும்போதே சொல்லிவிடுகிறார்கள். 'இந்தத் தளம் தடுக்கப்பட்டுள்ளது' என்று திரையிலேயே வந்துவிடுகிறது.

என் சண்டை வேறு. தடுக்காமல் திறந்து விட்டுவிட்டு, நீங்கள் எங்கே போகிறீர்கள், என்ன தட்டுகிறீர்கள் என்று பின்னால் இருந்து பார்க்கிறார்களே, அதோடுதான். வாசலில் வாட்ச்மேன் நிற்பது ஒன்று, பாத்ரூம் கதவில் ஓட்டை போடுவது இன்னொன்று.

நெட்வொர்க் டீமில் பல வருஷம் இருந்தவன் என்ற முறையில் ப்ராக்ஸி லாக் என்றால் என்ன என்று சொல்கிறேன். ஆபீஸிலிருந்து இணையத்துக்குப் போவதெல்லாம் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும், அதுதான் ப்ராக்ஸி. அது எழுதி வைக்கும் பதிவுதான் லாக். ஒவ்வொரு வரியிலும் உங்கள் யூசர் ஐடி, நேரம், போன தளம், அது எந்த வகை, எத்தனை பைட். பார்க்க வெறும் வரிசைதான். ஆனால் ஒரு மாதத்து வரிசையை ஒன்றாக வைத்துப் படித்தால் ஒரு குடும்பமே தெரியும். யாருக்கு நகைக்கடன் வட்டி விகிதம் தேவைப்படுகிறது, யார் குழந்தைப்பேறு மருத்துவமனைகளின் பக்கங்களைப் பார்க்கிறார்கள், யார் வீட்டில் கேன்சர் நுழைந்திருக்கிறது என்பது வரை. தான் கர்ப்பமாக இருப்பதை ஒரு பெண் மேனேஜரிடம் சொல்லும் முன்பே லாக் சொல்லிவிடும்.

எங்களிடம் வந்த கோரிக்கைகளில் வைரஸ், ஹேக்கிங் சம்பந்தப்பட்டவை குறைவு. அப்ரைசலுக்கு முன்னால் வேலை தேடும் தளங்களுக்கு யார் யார் போகிறார்கள் என்ற பட்டியல்தான் அதிகம் கேட்கப்படும், அதுவும் வாய்மொழியாக. "மெயில்ல கேளுங்க சார், எடுத்துத் தர்றோம்" என்றால் பாதி கோரிக்கை அத்தோடு காணாமல் போகும். எழுத்தில் கேட்கக் கூச்சப்படும் ஒரு விஷயம் பாதுகாப்பு நடவடிக்கையாக எப்படி இருக்க முடியும்?

இன்னும் ஒன்று பலருக்குத் தெரியாது. முகவரி 'https' என்று இருந்தால் யாரும் படிக்க முடியாது என்று நம்புகிறார்கள். ஆபீஸ் லேப்டாப்பில் அந்த நம்பிக்கை வேண்டாம். கம்பெனி தன் சொந்தச் சான்றிதழை ('இந்தத் தளத்தை நம்பலாம்' என்று பிரவுசருக்குச் சொல்லும் டிஜிட்டல் அத்தாட்சி) உங்கள் மெஷினில் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தால், நடுவில் உட்கார்ந்திருக்கும் ப்ராக்ஸி நீங்கள் அனுப்புவதைப் பிரித்து, படித்து, மறுபடி பூட்டி அனுப்பலாம். பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத்தை அமுக்கி, சான்றிதழை வழங்கியது யார் என்று பாருங்கள். உங்கள் கம்பெனி பெயரோ ஏதாவது ஃபயர்வால் பெயரோ இருந்தால் விஷயம் புரிந்துவிடும். ஒழுங்கான நிறுவனங்கள் வங்கி, மருத்துவத் தளங்களை மட்டும் பிரிக்காமல் விட்டுவிடும். இன்காக்னிட்டோ எல்லாம் இங்கே சும்மா. வாட்ஸாப் வெப்பில் செய்தி ரகசியமாகத்தான் வரும். ஆனால் திரையைப் படமெடுக்கும் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால் அந்த ரகசியத்துக்கு என்ன மதிப்பு?

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த வழக்கு ருமேனியாவுடையது. புக்கரெஸ்ட்டில் ஒரு தனியார் கம்பெனியில் விற்பனைப் பொறியாளராக இருந்தவர் பொக்தான் பெர்புலெஸ்கு. வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல யாஹூ மெசஞ்சர் கணக்கு ஒன்று தொடங்கச் சொன்னதே கம்பெனிதான். சொந்த வேலைக்குக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி இருந்தது, அதைப் படித்ததாக அவர் கையெழுத்தும் போட்டிருந்தார். 2007 ஜூலையில் ஒன்பது நாள் அவருடைய மெசஞ்சரைப் பதிவு செய்தார்கள். பிறகு கூப்பிட்டுக் கேட்டபோது, ஆபீஸ் வேலைக்கு மட்டும்தான் பயன்படுத்தினேன் என்றார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, 45 பக்க அச்சுப்பிரதியை நீட்டினார்கள். அண்ணன் தம்பிப் பேச்சு, நிச்சயித்த பெண்ணோடு பேசிய அந்தரங்கம், எல்லாம் வரிக்கு வரி. ஆகஸ்ட் 1-ஆம் தேதி வேலை போனது.

ருமேனிய நீதிமன்றங்கள் கம்பெனி பக்கம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2016 ஜனவரியில் கம்பெனி செய்தது சரி என்றே சொன்னது. அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 2017 செப்டம்பர் 5-ஆம் தேதி 11-க்கு 6 என்ற கணக்கில் அதைப் புரட்டிப் போட்டது. கண்காணிப்பதே தப்பு என்று அது சொல்லவில்லை. முதலாளி போடும் உத்தரவால் வேலையிடத்தில் ஒரு மனிதனின் தனி வாழ்க்கையைப் பூஜ்ஜியமாக்கிவிட முடியாது என்றது. பார்க்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொன்னீர்களா, எவ்வளவு தூரம் பார்ப்போம், செய்தியின் உள்ளடக்கத்தையே படிப்போம் என்று சொன்னீர்களா, படித்தே தீரவேண்டிய காரணம் என்ன, குறைவாக நுழைந்து அதே வேலையை முடித்திருக்க முடியாதா என்று கேட்டது. அவர் பொய் சொன்னாரே என்று வாதிடலாம். சொன்னார்தான். விதியை மீறியதற்கு ஒரு மெமோ கொடுக்க, நிச்சயித்த பெண்ணுக்கு எழுதியதைப் படித்துத்தான் ஆக வேண்டுமா?

அந்தத் தீர்ப்புக்குப் பன்னிரண்டு நாள் முன்னால், 2017 ஆகஸ்ட் 24-இல், நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். அப்புறம் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 7-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். வேலைவாய்ப்பு சார்ந்த காரியங்களுக்காகவும், தனக்கு நஷ்டமோ பொறுப்போ வராமல் காக்கவும் முதலாளி உங்கள் தரவைக் கையாளலாம், சம்மதம் தேவையில்லை. சம்மதம் கேட்கும்போதுதான் அறிவிப்பும் தர வேண்டும் என்பதால், இங்கே அதுவும் கட்டாயமில்லை. என் தரவில் எதை வைத்திருக்கிறாய், என்ன செய்தாய் என்று கேட்கும் உரிமைகூட சம்மதம் கொடுத்தவர்களுக்குத்தான். ருமேனியக்காரருக்கு ஐரோப்பிய நீதிமன்றத்தில் கிடைத்த கேள்விகள் எதுவும் இந்தச் சட்டத்தின் இந்தப் பிரிவில் நமக்கு எழுதப்படவில்லை.

கண்காணித்தால் வேலை நடக்கும் என்பது இன்னொரு கதை. ஆபீஸ் சாட் மென்பொருளான டீம்ஸில், ஆள் இருக்கிறார் என்று காட்டும் பச்சைப் புள்ளி மஞ்சளாகக் கூடாது என்பதற்காக ஆப்டிகல் மவுஸைக் கைக்கடிகாரத்தின் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வினாடி முள் நகரும், புள்ளி பச்சையாகவே இருக்கும். அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024-இல் விசைப்பலகை ஓடுவதுபோல் போலியாகக் காட்டியதாகப் பத்துப் பன்னிரண்டுக்கும் மேற்பட்டோரை வெளியே அனுப்பியது. அசைவை அளந்தால் அசைவுதான் கிடைக்கும்.

தடுப்பதையே நான் ஆதரித்தாலும், அதிலும் ஒரு அளவு வேண்டும். பயிற்சி வீடியோக்கள் யூடியூபில், யூடியூபுக்குத் தடை. திறக்க டிக்கெட் போட்டு மேனேஜர் ஒப்புதல் வர நாள் கணக்காகும். அதற்குள் பையன் போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை மாட்டி வேலையை முடித்துவிடுவான். பாதுகாப்பு என்று கட்டியதெல்லாம் அந்த நிமிஷமே போச்சு. இதில் ஐ.பி.எல். நடக்கும்போது மேல் கிரேடுக்கு மட்டும் எல்லாம் திறந்திருப்பதைக் கேட்டால் 'பிஸினஸ் தேவை' என்பார்கள். சாம்சங்கில் ஊழியர்கள் கம்பெனியின் ரகசிய புரோகிராம் வரிகளை சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரிந்ததும் 2023-இல் கம்பெனி வெளிப்படையாகவே தடை போட்டது. யார் என்ன கேட்டார்கள் என்று ரகசியமாகப் படித்துக்கொண்டிருப்பதைவிட அது எவ்வளவோ நாகரிகம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எதைப் பார்க்கிறீர்கள் என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரே பக்கத்தில், வக்கீல் மொழி இல்லாமல் எழுதிக் கொடுங்கள். லாக்கை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்று சொல்லுங்கள். ஒருவருடைய லாக்கைத் திறக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், திறந்தது யார், எதற்கு என்பதும் பதிவாக வேண்டும். குறிப்பாகப் பெண் ஊழியர்களுக்காக இதைச் சொல்கிறேன். நிர்வாகி பாஸ்வேர்டு கையில் இருக்கும் ஒருவன் யாருடைய வரிகளை ராத்திரி உட்கார்ந்து படிக்கிறான் என்று இன்றைக்குப் பல இடங்களில் கேட்க ஆளில்லை.

ஹெச்.ஆர். சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். "பாலிசியில எல்லாம் இருக்கு, நீங்க சேரும்போது சைன் பண்ணியிருக்கீங்க." சரி, எந்தப் பக்கத்தில் என்று கேளுங்கள். கேட்டுப் பார்த்தவர்கள் கமென்ட்டில் வாருங்கள், கம்பெனி பெயர் வேண்டாம். ஆபீஸ் லேப்டாப்பில் இருந்து மட்டும் போடாதீர்கள்.