அந்த விளக்குக்கு அடியில் இரண்டு விரல்

செக் நாட்டு எலும்பு மாடம் ஒன்றில் ஒரு தம்பி எடுத்த ரீலுக்குக் கீழே நேற்று எனக்கு விழுந்த அடியை நீங்களே பார்த்திருப்பீர்கள். பூமர் அங்கிள், கலாச்சாரக் காவலர். பொறாமை பிடித்தவன் என்றுகூட ஒருவர். நான் எழுதியது ஒரே வரிதான்: "தம்பி, அங்கே படம் எடுக்கக் கூடாது, அது இடுகாடு."

திரும்பவும் சொல்கிறேன். அது இடுகாடு.

செக் தலைநகர் பிராக்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் குட்னா ஹோரா. அங்கே செட்லெக் எலும்பு மாடம், செத்தவர்களின் எலும்புகளை அடுக்கிவைத்த சிறு தேவாலயம். கொள்ளைநோயிலும் ஹுஸ்ஸைட் மதப் போர்களிலும் செத்தவர்கள், குறைந்தது 40,000 பேர். அந்த எலும்புகளை 1870இல் ரிண்ட் என்ற மரச்சிற்பி இப்போதுள்ள கோலத்தில் அமைத்தார். நடுவில் தொங்கும் சரவிளக்குகூட எலும்புதான். தம்பி இரண்டு விரலைக் காட்டிச் சிரிப்பது அந்த விளக்குக்கு அடியில். பின்னணியில் குத்துப்பாட்டு வேறு.

2020 முதல் அனுமதியில்லாமல் உள்ளே படம் எடுக்கத் தடை. ஏன் தெரியுமா? மண்டையோட்டுக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிப் படம் எடுத்த மகராசன்களால்தான்.

"டிக்கெட் வாங்கிக்கொண்டுதானே விடுகிறார்கள், அப்புறம் என்ன புனிதம்?" என்று கேட்டவருக்கு: நியாயமான கேள்வி. எலும்பில் விளக்கு செய்ததே நாலு பேர் பார்க்கத்தானே என்றால், அதற்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் பார்ப்பது வேறு, பக்கத்தில் நின்று பல்லைக் காட்டுவது வேறு. 2022இல் நானும் போனேன். போனை வெளியே எடுக்கவில்லை. "இதில் குழந்தை எது, கிழவன் எது என்றே தெரியவில்லையே" என்று என் மனைவி மெதுவாகச் சொன்னாள். எங்களுக்கு அதற்கப்புறம் பேச்சே வரவில்லை.

"வெள்ளைக்காரனுக்கு ஜால்ரா" என்றவருக்கு: அதே பிராக்கில் 1927இல் பிறந்த செக் அறிஞர் கமில் சுவெலபில் ஆயுள் முழுக்க நம் தமிழைப் படித்தார், எழுதினார். அவர் யாருக்கு ஜால்ரா போட்டார்? அவர் நம் வீட்டு விஷயத்தை மதித்தால் பெருமை, நாம் அவர்கள் வீட்டுப் பிணத்தை மதித்தால் ஜால்ராவா?

படமே எடுக்காதே என்றா சொன்னேன்? அதே ஊரில் புனித பார்பரா தேவாலயம் இருக்கிறது. 1388இல் தொடங்கி 1905இல்தான் முடித்தார்கள். அந்த ஊர் வெள்ளிச் சுரங்கத்தில் பிழைத்த ஊர், பார்பரா சுரங்கத் தொழிலாளிகளின் காவல் தெய்வம். வெள்ளைச் சட்டை போட்ட சுரங்கத் தொழிலாளிக்கு உள்ளே சிலையே வைத்திருக்கிறார்கள். ரீலில் அந்தக் கோயில் ஒரு விநாடிகூட இல்லை! சரி, எலும்புக்கூட்டோடுதான் படம் வேண்டும் என்றால், பிராக் பழைய நகரச் சதுக்கத்துக்குப் போங்கள். 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரத்தில் மணிக்கு ஒரு தடவை எலும்புக்கூட்டுப் பொம்மை கயிறு இழுத்து மணியடிக்கும். அதோடு சேர்ந்து ஆடுங்கள், பாடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்?

"செத்தவனுக்கே வலிக்கவில்லை, உனக்கு ஏன் வலிக்கிறது" என்று ஒரு கமெண்ட். இருநூறு பேர் அதற்குச் சிரிப்புப் போட்டிருக்கிறார்கள்.

ஏன் வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அப்பா போன மறுநாள் காலை சுடுகாட்டில் பால் தெளித்து, சாம்பலில் கைவிட்டு எலும்பு பொறுக்கிக்கொண்டிருந்தேன். இன்னும் சூடு ஆறவில்லை. நிமிர்ந்தால் எதிரே உறவுக்காரப் பையன் ஒருவன் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "வர முடியாதவங்க பார்க்கட்டும்னுதான் மாமா" என்றான். கெட்ட பையன் இல்லை. நானும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் குடும்ப வாட்ஸப் குழுவில் அந்த வீடியோ வந்தது, என் கையில் கலயம், கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அது இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. நான் ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்ததில்லை.

அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தவன் நேற்று யாரோ ஒரு பையனிடம் போய்க் கத்தினேன் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள்.

கமெண்டை மூடவில்லை. பூமர் என்றே திட்டுங்கள். அப்பாவை மட்டும் இழுக்காதீர்கள்.