மருந்து வேலை செய்ததால் மருந்து இல்லையாம்

சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்ற காரணத்தைக் காட்டி, அதைக் கட்டுக்குள் வைத்திருந்த மருந்தையே மறுத்துவிட்ட ஒரு காப்பீட்டு நிறுவனத்தோடு ஏழு வாரங்களாக நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே நியூ ஜெர்சியில் மாதம் தவறாமல் சம்பளத்தில் பிரீமியம் பிடிக்கிறார்கள். அதில் ஒரு நாள்கூடத் தாமதம் நேர்ந்ததில்லை.

என் கணவருக்கு 11 ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு. மெட்ஃபார்மின் மாத்திரையை நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம் வரை ஏற்றியும், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை அளவு 8.9-ஐ விட்டு இறங்கவில்லை. பிறகு கிளிப்பிசைடு சேர்த்தார்கள். அந்த மாத்திரை சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்திவிடக்கூடியது என்பது எல்லா மருத்துவருக்கும் தெரியும். ஒரு நள்ளிரவில் சட்டை முழுவதும் வியர்வையில் நனைந்து, நான் கேட்டதற்குப் பதில் சொல்ல நாக்குழறி அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது மீட்டர் 48 காட்டியது. அந்த இரவுக்குப் பிறகுதான் மருத்துவர் வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைடு ஊசிக்கு மாற்றினார். ஒன்றரை ஆண்டில் ஏ1சி 6.4-க்கு வந்தது.

ஜனவரியில் கணவரின் அலுவலகம் காப்பீட்டை வேறு நிறுவனத்துக்கு மாற்றியது. புதிய நிறுவனம் முன் அனுமதி கேட்டது, மருத்துவர் அனுப்பினார், மறுப்புக் கடிதம் வந்தது. அதில் இரண்டு காரணங்கள். நீரிழிவு என்று கொள்வதற்கான 6.5-ஐ அண்மைய ஏ1சி எட்டவில்லையாம். விலை குறைந்த மருந்துகளை முதலில் எடுத்துப் பார்த்ததற்கு அவர்களிடம் பதிவு எதுவும் இல்லையாம். ஊசி போட்டதால் இறங்கிய எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, இவருக்கு நோயே இல்லை என்று ஒரு கடிதம் எழுத எப்படி மனம் வருகிறது? 11 ஆண்டு நோயாளி தன் நோயை நிரூபிக்க மருந்தை நிறுத்திச் சர்க்கரையை ஏற்றிக் காட்ட வேண்டுமா?

இதே மருந்து 2021 முதல் எடைக் குறைப்புக்காக வேறு பெயரிலும் விற்கப்படுகிறது என்பதும், நீரிழிவு இல்லாதவர்களும் நீரிழிவுக்கான ஊசியைக் கேட்கிறார்கள் என்பதும், பட்டியல் விலை மாதம் ஏறக்குறைய 1000 டாலர் வரை போயிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். சோதிக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சோதிப்பவர்கள் கையில் இருக்கும் காகிதத்தைப் படிக்க வேண்டாமா?

படிக்கவில்லை என்று நான் ஊகத்தில் சொல்லவில்லை. நம் கோப்பின் முழு நகலையும் கட்டணமின்றிக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு. கேட்டேன். வந்த கோப்பின் 14-ஆம் பக்கத்தில், மருத்துவர் முதல் நாளே ஃபேக்ஸ் செய்திருந்த 8.9 அறிக்கை இருந்தது. அடுத்த பக்கத்தில் மெட்ஃபார்மின், கிளிப்பிசைடு, அந்த 48 பற்றிய மருத்துவர் குறிப்பு எல்லாம் இருந்தன. பதிவு இல்லை என்று கையெழுத்திட்ட நிறுவனத்தின் கோப்பிலேயே பதிவு இருந்தது!

மேல்முறையீட்டை 'அவசரம்' என்று குறிப்பிட்டே மருத்துவர் அனுப்பினார். சிகிச்சை அளிக்கும் மருத்துவர் அவசரம் என்று சொன்னால் காப்பீட்டுத் திட்டம் அதை அவசரமாகவே எடுத்துக்கொண்டு 72 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. அவர்கள் தாமாகவே அதைச் சாதாரண வரிசையில் போட்டார்கள். சாதாரண வரிசைக்கு 30 நாள் அவகாசம், அதில் 28 நாளைத் தின்றார்கள். இடையில் ஆறு முறை தொலைபேசியில் அழைத்தேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுத்தார், ஒவ்வொருவரிடமும் அந்த 48 வரைக்கும் முதலிலிருந்து சொன்னேன். கடைசியில் வந்த முடிவில் முதல் கடிதத்தின் வாக்கியங்களே, எழுத்துப் பிசகாமல், மறுபடியும் இருந்தன.

அரசின் இணையச் சந்தை வழியே மக்கள் தாமே வாங்கும் காப்பீட்டுத் திட்டங்களில் மறுக்கப்படும் கோரிக்கைகளில் 100-க்கு ஒன்றுகூட மேல்முறையீட்டுக்குப் போவதில்லை என்று கே.எஃப்.எஃப். என்ற சுகாதாரக் கொள்கை ஆய்வு அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. ஏன் போவதில்லை என்பது இப்போது எனக்கு நன்றாகவே புரிகிறது. இரண்டு வேலை பார்க்கும் ஒருவரோ, ஆங்கிலக் கடிதத்தைப் படிக்கத் திணறும் வயதான பெற்றோரோ இந்த ஏழு வாரங்களைத் தாங்கியிருக்க முடியாது; அவர்கள் மறுப்புக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஊசி இல்லாமல் இருந்துவிடுவார்கள்.

நான் மடித்து வைக்கப்போவதில்லை. 2010-ஆம் ஆண்டின் அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம் தந்திருக்கும் வெளி மறுஆய்வுக்கு, அந்த 14-ஆம் பக்கத்தை மேலே வைத்து, இன்று காலை விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாத மருத்துவர் ஒருவர் பார்த்துச் சொல்லும் முடிவு அவர்களைக் கட்டுப்படுத்தும். கணவர் கடைசி ஊசி போட்டு ஆறு வாரமாகிறது. இனி அனுமதி கிடைத்தாலும் ஆரம்ப அளவான 0.25 மில்லிகிராமிலிருந்துதான் மறுபடி ஏற வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இன்று வெறும் வயிற்றில் மீட்டர் 212 காட்டியது. அதையும் படமெடுத்து விண்ணப்பத்தோடு இணைத்திருக்கிறேன்.