மறுபடியுமா, சாப்போ?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருவர், பண்டைக் கிரேக்கக் கவிஞர் சாப்போவின் கவிதை ஒன்றைத் தமிழில் வாசித்துப் பேசினார். நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், விவரிக்கப் போவதில்லை. "காதல் பிச்சை கேட்டுத் தெய்வத்தின் காலில் விழுந்த கிரேக்கத்துப் பெண்" என்று மேடையில் சொன்னவர், அந்தக் கவிதையை ஒரு முறையாவது நிதானமாக வாசித்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. மொத்தம் 28 வரி. லெஸ்போஸ் தீவின் சாப்போ எழுதியதில் முழுதாக மிஞ்சியது என்று தயங்காமல் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

அவள் காதல் தெய்வமான அஃப்ரொடைட்டியை அழைக்கிறாள், உண்மை. முன்பு வந்ததுபோல வா என்கிறாள். அப்போது எப்படி வந்தாளாம்? சிட்டுக்குருவிகள் இழுத்த தேரில், முகத்தில் புன்னகையோடு. வந்து என்ன கேட்டாளாம்? மறுபடி என்ன ஆயிற்று, மறுபடி ஏன் அழைத்தாய், மறுபடி யாரை இணங்க வைக்க வேண்டும்? மூன்று 'மறுபடி'. தன்னையே இப்படிக் கேலி செய்துகொள்ளப் பிச்சை எடுப்பவளுக்குத் தோன்றுமா?

பத்தொன்பது வயதில் நானும் அழுதிருக்கிறேன். அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், "இந்த முறை யாரடி?" என்றாள். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. உரித்த பூண்டை என் பக்கம் தள்ளி, "நசுக்கு" என்றாள். சாப்போவை வாசித்தபோது எனக்குக் கேட்டது அந்தக் குரல்தான். இதற்குப் பெயர் பிச்சையா?

"சாப்போ விரும்புகிறவள், தான் விரும்பாவிட்டாலும் காதலிப்பாள் என்று தெய்வம் சொல்கிறதே, அது வற்புறுத்தல் இல்லையா?" என்பீர்கள். நியாயமான கேள்வி, எனக்கும் அந்த வரி நெருடும். ஆனால் ஓடுகிறவள் விரைவில் துரத்துவாள் என்றுதான் இருக்கிறது. யாரை? கிரேக்கத்தில் அது இல்லை. 'உன்னை' என்பது மொழிபெயர்ப்பாளர்கள் போட்டுக்கொண்டது. அவளும் ஒருநாள் யார் பின்னாலோ ஓடித் தவிப்பாள் என்றும் வாசிக்கலாம், வாசித்தும் இருக்கிறார்கள்.

"உனக்குக் கிரேக்கம் தெரியுமா?" தெரியாது. நான்கு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துப் படிக்கிறவள். மேடையில் பேசியவருக்கும் தெரியாது, அவரை ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஓடுகிறவள் பெண். கிரேக்க வினை ஆண், பெண் காட்டாது. கடைசியில் ஒரே ஒரு சொல்லின் பெண்பால் ஈறுதான் காட்டிக்கொடுக்கிறது. தமிழிலோ இப்படிப் படர்க்கை ஒருமையில் வரும் ஒவ்வொரு வினைமுற்றிலும் 'ஆன்', 'ஆள்' என்று சொல்லியே தீர வேண்டும். அவர் ஒவ்வொன்றிலும் 'ஆன்' போட்டு வாசித்தார். துரத்துவான், கொடுப்பான், காதலிப்பான். கை தவறி விழுந்ததாம். மூன்று முறை தவறுமா?

முடிவில் சாப்போ அஃப்ரொடைட்டியிடம் கேட்பது கருணையும் அல்ல. போரில் என் பக்கம் நில் என்கிறாள், அது படைக்களத்துச் சொல். அந்த இடத்தை அவர் இழுத்து இழுத்து, அழுகைக் குரலில் நடித்துக் காட்டினார். அரங்கமே சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் சிரித்து வைத்தேன்.