பென்ஃபீல்ட் டாக்டர் பத்தி சுத்துற ஃபார்வர்ட், பாதி தப்பு

"கனடா டாக்டர் பென்ஃபீல்ட் மூளைல கரண்ட் வச்சு, பொறந்ததுல இருந்து நடந்த எல்லாமே டேப் மாதிரி பதிவாகியிருக்குன்னு நிரூபிச்சு நோபல் வாங்கினார்"னு ஒரு மெசேஜ் எங்க ஃபேமிலி குரூப்லயே மூணு தடவ வந்துருச்சு.

மொதல்ல, அவருக்கு நோபல் கிடைக்கவே இல்ல, நோபல் வெப்சைட்ல லிஸ்ட் இருக்கு, ரெண்டு நிமிஷத்துல பாத்துக்கலாம்.

டேப் கதைக்கு வருவோம். வலிப்பு எந்த இடத்துல ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிக்கத்தான் அவர் பேஷன்ட்ட முழிச்சிருக்க வச்சே மூளைய லேசா கரண்ட்ல தொட்டுப் பாத்தார், அப்போ சிலருக்கு பழைய பாட்டு, தெரிஞ்ச குரல்லாம் கேட்டுச்சு. டேப் மாதிரி பதிவுன்னு அவரே நம்பினார்ங்கறது உண்மைதான். ஆனா 1963ல பெரோங்கற டாக்டரோட சேந்து 'பிரெய்ன்' ஜர்னல்ல அவர் எழுதின கணக்கப் பாருங்க: 1132 பேஷன்ட், அதுல டெம்போரல் லோப், அதாவது காதுப் பக்கம் இருக்குற மூளைப் பகுதிய தொட்டுப் பாத்தது 520 பேர், அந்த மாதிரி அனுபவம் வந்தது வெறும் 40 பேருக்கு, அதுவும் வலிப்பு உள்ளவங்களுக்கு. இதுல எங்க எல்லாருக்கும் எல்லாமே பதிவாகுது?

1934ல மான்ட்ரியல் நியூராலஜிகல் இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்ச மனுஷன், வலிப்பு ஆபரேஷனுக்கே வழி காட்டினவர், அவருக்கு இந்த பில்டப் தேவையே இல்ல. அந்த மெசேஜ் வந்தா ப்ளீஸ் அடுத்த குரூப்புக்கு தள்ளாதீங்க.