கிரீமாவுக்கு மந்திரம் எதற்கு?

போன வாரம் கோத்தகிரியில் விடாமல் மழை. பள்ளிக்கூடத்துக்கு லீவு. அக்கா மகன் என் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் மூன்று படங்களையும் வரிசையாகப் பார்த்துவிட்டான். அதுவும் டிவிடிக்காக நீளமாக்கிய பதிப்பு, ஒவ்வொன்றும் நாலு மணி நேரத்தை ஒட்டி ஓடும். இரண்டாவது படத்தில், தியோடன் ராஜாவின் உடம்பிலிருந்து சாருமானை நல்ல மந்திரவாதி காண்டால்ஃப் துரத்தும் இடம் வந்ததும், "மாமா, பேய் ஓட்டுறாங்க" என்றான். பையன் சரியாகத்தான் சொன்னான். என் வருத்தமே அதுதான்.

கதை தெரியாதவர்களுக்கு: ரோஹான் என்பது குதிரை வீரர்களின் நாடு. ராஜா தியோடனுக்கு எழுபத்தொரு வயது. அவர் காலடியில், சிம்மாசனப் படியில் உட்கார்ந்திருக்கும் ஆலோசகன்தான் கிரீமா. ஊரார் வைத்த பெயர் வார்ம்டங். புழு நாக்கு என்று தோன்றும். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அந்த 'வார்ம்' பாம்பைக் குறிக்கும், 'கிரீமா' என்றால் முகமூடி. மூல நாவலை எழுதிய டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர், சும்மா பெயர் வைக்க மாட்டார். எதிரி மந்திரவாதி சாருமானுக்காக வேலை செய்பவன் கிரீமா. அவனுக்குக் கூலியாகப் பேசி வைத்திருப்பது ராஜாவின் தங்கை மகள் இயோவினை.

1954-ல் வந்த நாவலின் இரண்டாம் பாகத்தில் இவன் பேய் எதையும் ஏவுவதில்லை. வத்தி வைக்கிறான், அவ்வளவுதான். உங்களுக்கு வயசாகிவிட்டது, உடம்பு முடியவில்லை, வெளியே போகாதீர்கள், மருமகன் எயோமரை நம்பாதீர்கள் என்று ஓதிக்கொண்டே இருக்கிறான். வருகிற காண்டால்ஃபுக்குக்கூட கெட்ட சேதி கொண்டுவருகிறவன் என்று பெயர் சூட்டுகிறான். ராஜாவின் வாளைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறான், பத்திரத்துக்காம். காண்டால்ஃப் ஒரு மின்னலைக் காட்டி அவன் வாயை அடக்குகிறார், உண்மைதான். அப்புறம் செய்வதெல்லாம் கிழவரை எழுப்பி வாசல் வரை நடத்திப் போய்க் காற்று வாங்க வைப்பது. கையிலிருந்த ஊன்றுகோல் தானாக விழுகிறது. வாளைக் கையில் கொடுக்கிறார்கள். முடிந்தது வைத்தியம்.

2002-ல் படத்தின் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் இதைப் பேயோட்டலாக மாற்றினார். தோல் சுருங்கி, கண்ணில் பூ விழுந்த கிழவர், மேக்கப் கலைந்ததும் ஒரே நிமிஷத்தில் மீசை மினுங்கும் ராஜாவாகிறார். தியேட்டருக்கு அது வேண்டும், புரிகிறது. ஆனால் அதில் ராஜா தப்பித்துவிடுகிறார். நாவலில், அவர் எந்த நாளிலும் எழுந்து வாசலுக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

கிரீமாவாக நடித்த பிராட் டூரிஃபைக் குறை சொல்ல மாட்டேன். புருவத்தையே மழித்துக்கொண்டு நடித்தார். ஆனால் அந்த வெளிறிய முகத்தைப் பார்த்தால் சின்னக் குழந்தையும் கதவைச் சாத்தும். ஒரு ராஜா எப்படிப் பக்கத்தில் உட்காரவைப்பார்? ஆனாலும் சாருமானின் பெரும்படையைப் பார்த்ததும் டூரிஃபின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழியும் பாருங்கள், அது படத்தின் சொந்தச் சரக்கு, அருமையான சரக்கு. இன்னொன்று: இயோவினிடம், இரவில் தனியாக இருட்டோடு என்ன பேசினாயோ என்று படத்தில் கிரீமா உருகுவான். நாவலில் அது பின்னால் வைத்தியசாலையில் காண்டால்ஃப் அவளுக்காக வருந்திச் சொல்வது. நல்லவர் வாயிலிருந்ததை எடுத்துக் கெட்டவன் வாயில் வைத்தார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது, மூன்று படத்திலும் கிரீமாவை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்ட இடம் அதுதான் என்று நினைக்கிறேன். வத்தி வைப்பவன் பொய்யை மட்டும் சொல்வதில்லை. உங்கள் மனசில் உள்ளதை உங்களைவிட நன்றாகச் சொல்வான்.

நம் கூனி நினைவுக்கு வராமல் இருக்குமா? அவளும் படியில் உட்காரும் சாதிதான். ராமன் சிறுவயதில் வில்லால் உண்டை அடித்ததை மனசில் வைத்திருந்தாள் என்று கம்பர் காரணம் தருகிறார். ஆனால் கைகேயி மனம் திரிந்த இடத்தில், தேவர்களின் மாயையும் ஒரு காரணம் என்று சேர்த்துவிடுகிறார். ஜாக்சனைத் திட்டிக்கொண்டிருந்த நான் இங்கே மாட்டிக்கொள்கிறேன். டோல்கீனும் லேசுப்பட்டவர் இல்லை. அவர் இறந்தபின் 1980-ல் வந்த குறிப்புகளில், கிரீமா மெல்லக் கொல்லும் விஷமும் கொடுத்திருக்கலாம் என்று கோடி காட்டியிருக்கிறார். வெறும் பேச்சே ஒரு மனுஷனைச் சாய்க்கும் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை போல.

எங்கள் பெரியப்பாவுக்கு இரண்டரை ஏக்கர் தேயிலை. பச்சைத் தேயிலை எடுக்க வந்த ஏஜென்ட் ஒருவர் தினமும் திண்ணையில் உட்காருவார். "இந்தக் குளிர்ல ஏன்ணே இறங்குறீங்க, முட்டி என்னத்துக்கு ஆகும்", "விலை விழப்போகுதுண்ணே", "பசங்க காட்டை வித்துருவாங்க, பார்த்துக்கோங்க". முட்டி வலி உண்மை. விலை விழுந்ததும் உண்மை. இரண்டு வருஷம் பெரியப்பா தோட்டத்துக்கு இறங்கவில்லை. எடைச் சீட்டும் பாஸ்புக்கும் ஏஜென்டின் பையில்தான். ஒருநாள் பெரியம்மா கம்பளியை உருவிப் போட்டு, "வாங்க, கவாத்து பண்ணின லட்சணத்தை வந்து பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். திரும்பி வந்த பெரியப்பா பாஸ்புக்கைக் கேட்டார். மின்னல் ஒன்றும் அடிக்கவில்லை.

இந்தக் கதைக்கு வானொலி நாடகம் ஒன்றும் உண்டு, பிபிசி 1981-ல் 26 பகுதிகளாக ஒலிபரப்பியது. குரலே ஆயுதமான ஆளுக்கு வானொலிதான் சரியான வீடு. படம் விட்ட முடிவும் அதில் இருக்கிறது. 2003-ல் தியேட்டருக்கு வந்த மூன்றாம் பாகத்தில் கிரீமாவே கிடையாது. நீண்ட பதிப்பில் கோபுர உச்சியில் சாருமானை முதுகில் குத்துகிறான், வில்வீரன் லெகோலஸின் அம்பு அவனை முடிக்கிறது. நாவலில் அந்தச் சாவு, கதாநாயகன் ஃப்ரோடோவின் நாடான ஷயரில், ஒரு சின்ன ஊரின் வீட்டு வாசலில். அதற்குள் அவன் சாருமானின் பின்னால் தவழாத குறையாக வரும் பட்டினி உருவம். ஃப்ரோடோ அவனிடம், நீ எனக்கு ஒரு கெடுதலும் செய்ததாகத் தெரியவில்லை, இங்கேயே கொஞ்ச நாள் சாப்பிட்டுத் தேறு என்கிறான். கிரீமா தயங்கி நிற்கிறான். நாவலிலேயே அவனுக்குக் கிடைத்த ஒரே நல்ல நிமிஷம் அது. சாருமான் அவன் செய்த கொலையைப் போட்டு உடைத்து, முகத்தில் உதைக்கிறான். அடுத்த நொடி கிரீமாவின் கத்தி, அப்புறம் அவன்மேல் மூன்று அம்பு.

அந்த ஏஜென்டை முந்தாநாள் கடைவீதியில் பார்த்தேன். நனைந்துபோய் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். "அண்ணன் நல்லா இருக்காரா?" என்றார். "இருக்கார், தோட்டத்துக்குப் போறார்" என்றேன். பக்கத்திலேயே டீக்கடை. ஒரு டீ குடிக்கிறீர்களா என்று கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை.