பணக்காரத் தோட்டம் பக்கத்துத் தோப்புக்குப் பரவுமா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி, மண்டபம், பெரியபட்டினம் பக்கம் கடலோரத் தோப்புகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. வாங்குகிறவர்களில் சிலர் பெர்மாகல்ச்சர் தோட்டம் போடுகிறார்கள், அதாவது காடு மாதிரிப் பல வகை மரம் செடிகளைச் சேர்த்து வைத்துத் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்படி வடிவமைக்கிற தோட்டம். வடிவமைப்பாளர் வெளியூரிலிருந்து வருகிறார், செம்மண் லாரியில் வந்து இறங்குகிறது. சுருள் சுருளாகக் கல் அடுக்கி மூலிகைப் பாத்தி, நடுவில் ஒரு குளம், ஓரமாக ஓலைக் குடில். ஊரில் இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை.

கடற்கரை மணலில் எவ்வளவு குப்பை போட்டாலும் வெயிலில் சீக்கிரம் மக்கிக் காணாமல் போய்விடும். மண்ணில் சத்துத் தங்க வருடக்கணக்கில் விடாமல் போட வேண்டும். கடன் வாங்கிக் குண்டு மிளகாய் போட்டவர் மாசி, பங்குனியில் வற்றல் விற்றால்தான் வட்டி கட்ட முடியும், அவரைப் போய் ஐந்து வருஷம் பொறுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் காத்திருப்புக்குக் காசு உள்ளவர்கள் செலவழிக்கட்டும். நல்லதுதான்.

ஆனால் எதைச் செய்து காட்டுகிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை. 1970களில் ஆஸ்திரேலியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் இந்த முறையை வகுத்தபோது, வெளியிலிருந்து வாங்கிப் போடுவதைக் குறைப்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. இங்கே செம்மண்ணே வெளியூர்ச் சரக்கு. இந்த முறையில், சரிவு நிலத்தில் ஓடும் மழைநீரை மறிக்கச் சரிவுக்குக் குறுக்கே சமமட்ட வாய்க்கால் வெட்டுவார்கள். தட்டையான மணலில் அதை வெட்டி என்ன பயன்? மழை விழுந்த இடத்திலேயே உள்ளே இறங்கிவிடுகிறதே! படம் எடுக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

நம் கரையின் பிரச்சினை தண்ணீர். மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய அடுக்காகத்தான் நிற்கிறது. பெரும்பாலான மழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும், மிச்ச மாதங்களுக்கெல்லாம் அதுதான் இருப்பு. ஆழ்துளைக் கிணறு போட்டு வேகமாக இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ஆழமில்லாத கிணற்றில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. தாமரைக் குளத்துக்கு ராத்திரி முழுக்க மோட்டார் ஓடினால் அடுத்த தோப்பு இளநீரையும் சேர்த்துத்தான் பாதிக்கும். மேலே எத்தனை வகை மரம் வைத்திருந்தாலும் அதற்கு மன்னிப்பு கிடையாது.

சரி, பரவுவது எது? நான் பார்த்தவரை, முதலாளிகள் நடத்தும் வார இறுதிப் பயிற்சி வகுப்பில் உள்ளூர்க்காரர் யாரும் உட்காருவதில்லை. கட்டணத்தைக் கேட்டாலே போதும். பரப்புகிறவர்கள் அங்கே கூலிக்குப் போகிற அக்காமார்கள். தென்னையைச் சுற்றி உரிமட்டையை, அதாவது தேங்காய் உரித்த மட்டையை, புதைப்பது, பாத்தி மேல் ஓலை மூடாக்குப் போட்டால் ஈரம் காயாமல் உப்பும் பூத்து வராமல் இருப்பது, இதையெல்லாம் கையால் செய்து பார்த்தவர்கள் அவர்கள். முருங்கை, கத்தரிக்கு வீட்டுக் கொல்லையில் அதையே செய்கிறார்கள். உரிமட்டை புதைப்பது நம் தாத்தாக்கள் செய்ததுதான். நடுவில் மானக்கேடாகிப் போயிருந்தது, பங்களாக்காரர் செய்ததும் மரியாதை வந்துவிட்டது. கிளுவை மரத்தை நட்டு வளர்க்கும் உயிர்வேலியும் அப்படித்தான் திரும்பி வருகிறது. கொஞ்சம் எரிச்சலாக இருந்தாலும், வந்தவரைக்கும் லாபம்.

சுருள் பாத்தியை மட்டும் ஒருவரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

அதனால் இந்தத் தோட்டக்காரர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வேலைக்கு வெளியூர் ஆட்களை இறக்காமல் உள்ளூர்ப் பெண்களை வையுங்கள், விதையும் நாற்றும் அவர்கள் வீட்டுக்குப் போகட்டும். பூத்ததைப் படம் போடும்போது பட்டுப்போனதையும் போடுங்கள். மண், மட்டை, கூலி, மின்சாரம் எல்லாவற்றுக்கும் ஆன செலவை ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டுங்கள். அப்புறம், வருஷா வருஷம் ஆனி மாதம் உங்கள் கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளந்து அதே பலகையில் எழுதுங்கள். அளக்கிற கருவி ஒன்றும் பெரிய விலையில்லை, குடிலுக்குப் போட்ட ஓலைச் செலவில் நூறு வாங்கலாம்.